கண்ணுக்குப் புரியும், காதுக்குப் புரியாது

பார்வையற்ற மாணவர்களுக்குப் படித்துக் காட்டக் கம்ப்யூட்டர் தயார். நாம் தரும் ஃபைல்கள்தான் தயாராக இல்லை.

ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருவர் தனக்கு வந்த தமிழ்ப் பாடக்குறிப்பைக் கம்ப்யூட்டரில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் இருப்பதைக் குரலாக மாற்றிச் சொல்லும் சாஃப்ட்வேர் அவரிடம் இருக்கிறது. முதல் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லும்படி கேட்டால் அது சொல்வது இதைத்தான். பக்கத்தில் இருக்கும் பார்வையுள்ள தோழிக்கோ அதே இடத்தில் 'தமிழ்' என்ற சொல் பளிச்சென்று தெரிகிறது. சாஃப்ட்வேரில் கோளாறு எதுவும் இல்லை. அந்த ஃபைலுக்குள் இருப்பவை உண்மையிலேயே நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு நிறுத்தற்குறியும்தான்.

பாமினி என்ற எழுத்துருவில் அடித்த ஃபைல் அது. அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்கள் செய்தது ஒரு மாறுவேட வேலை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தார்கள். 'ஜே' இருக்க வேண்டிய இடத்தில் 'த' என்ற படம். செமிகோலன் இருக்க வேண்டிய இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. பார்ப்பவருக்குத் தமிழ். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது கடைசி வரை ஆங்கிலம்.

இது தமிழின் தனிச் சொத்து அல்ல. வட இந்தியாவின் அச்சகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் கோலோச்சிய 'க்ருதி தேவ்' எழுத்துருவில் 'ஹிந்தி' என்று அடித்தால், உள்ளே பதிவாவது எஃப், ஜி, யு, என், எச். மற்ற இந்திய மொழிகளிலும் இதே கதைதான், எழுத்துருவின் பெயர் மட்டும் மாறும். நாட்டை ஒன்றிணைக்கும் விஷயங்களின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அவர்களில் படிக்க விரும்புகிற பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் இருந்த முதல் தடை கருவி. திரைவாசிப்பு சாஃப்ட்வேர்களில் புகழ்பெற்ற 'ஜாஸ்' அமெரிக்காவில் உருவானது. சாதாரண இந்தியக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத விலை. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் அதற்கு மாற்றாக ஒன்றை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற மற்றொரு பார்வையற்ற நண்பர் அவருடன் சேர்ந்தார். 'என்விடிஏ' என்ற அந்த சாஃப்ட்வேர் அன்றும் இலவசம், இன்றும் இலவசம். தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றை அதனால் படிக்க முடியும். ஆண்ட்ராய்டு போன்களில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்று திரைவாசிப்பு வசதி பெட்டியைப் பிரிக்கும்போதே உள்ளே இருக்கிறது. இந்திய மொழிகளுக்குச் செயற்கைக் குரல் உருவாக்கும் கூட்டு முயற்சியில் சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி போன்றவர்கள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். போனும் கம்ப்யூட்டரும் எல்லார் கையிலும் இல்லைதான். ஆனால் வாசிப்பதற்கென்றே தனியாக ஒரு விலையுயர்ந்த கருவி வாங்க வேண்டும் என்ற நிலை பெரும்பாலும் மாறிவிட்டது.

குரல் வந்துவிட்டது. அது படிக்கத்தக்க எழுத்துதான் இன்னும் வரவில்லை.

இந்த விஷயத்தில் கம்ப்யூட்டர் காலத்தைவிட, அதற்கு முந்தைய தலைமுறை கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. சுதந்திரம் அடைந்தபோது இந்திய மொழிகளுக்கு ஒன்றோடொன்று ஒட்டாத பல பிரெயில் முறைகள் இருந்தன. ஒரு மொழியில் படித்தவர் அடுத்த மொழிக்குப் போனால் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். நிபுணர்கள் கூடிப் பேசினார்கள், யுனெஸ்கோ உதவியது. 1951இல் 'பாரதி பிரெயில்' பிறந்தது. ஒரே ஒலிக்கு எல்லா மொழிகளிலும் ஒரே புள்ளிக் கோலம் என்பதே அதன் அடிப்படை. தமிழின் 'க'வுக்கும் ஹிந்தியின் 'க'வுக்கும் வங்காளத்தின் 'க'வுக்கும் விரல் தொடுவது ஒன்றையே. ஆங்கிலத்தின் 'கே'வுக்கும் அதே புள்ளிகள்தான். அதே ஆண்டில் டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகம் தொடங்கியது. மொழிவாரி மாநிலங்களுக்காக நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆறு புள்ளிகளில் மட்டும் சண்டை இல்லாமல் உடன்பாடு வந்தது.

பாரதி பிரெயிலில் தமிழ் இலக்கணம் படித்தவர்கள் ரசிக்கத்தக்க ஒரு நுட்பமும் உண்டு. 'கொ' என்ற எழுத்தை அச்சில் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகப் போடுகிறோம். கொம்பு முன்னால் வந்துவிடுகிறது. பிரெயிலில் அப்படி இல்லை: முதலில் மெய்யொலி, பிறகு உயிரொலி. உயிர்மெய் பிறக்கும் முறை பற்றி நம் இலக்கண நூல்கள் சொல்லும் வரிசை அதுவே. யூனிகோடும் ஒலி வரிசையைத்தான் பின்பற்றுகிறது. பழைய எழுத்துருக்களோ கண்ணுக்குத் தெரியும் வரிசையைப் பிடித்துக்கொண்டன. காதால் படிப்பவருக்கு எது தேவை என்று விளக்கத் தேவையில்லை.

1980களின் இறுதியிலும் 90களிலும் டிடிபி வந்தபோது, ஆளுக்கொரு எழுத்துரு செய்தார்கள். அன்று அதற்கு நியாயம் இருந்தது. கம்ப்யூட்டருக்கு இந்திய மொழிகள் தெரியாது. பத்திரிகையோ மறுநாள் வெளிவந்தாக வேண்டும். ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குப்பையாக வரும். ஒரு அலுவலகத்தில் மொழிபெயர்த்த கட்டுரையை அடுத்த அலுவலகத்தில் மறுபடியும் அடித்த அனுபவம் இந்தத் தொழிலில் இருக்கும் பலருக்கும் உண்டு. யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தது. இந்திய எழுத்துகளும் அதில் இடம்பெற்றன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் பொதுத் தரங்களை வகுக்க முயன்றது. 2009இல் மத்திய அரசு மின்னாளுமைக்கு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. 2010இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

ஆணை வந்தது, அச்சகம் மாறவில்லை. பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர்களின் பழைய பதிப்புகள் இந்திய மொழி யூனிகோடைச் சரியாகக் கையாளவில்லை; கைக்குப் பழகிய எழுத்துருவை யாரும் விட விரும்பவில்லை. யூனிகோடில் அடித்து பிடிஎஃப் ஆக்கும்போதுகூடக் கொம்பும் காலும் இடம் மாறிப்போவது உண்டு. அச்சடித்த தாளில் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. அதனால்தான் பார்வையுள்ளவர்கள் இதை ஒரு பிரச்னையாகவே உணரவில்லை.

சட்டம் இதற்குள் வெகுதூரம் போய்விட்டது. 2012 வரை, ஒரு புத்தகத்தை பிரெயிலிலோ ஒலிவடிவிலோ மாற்றக்கூடப் பதிப்புரிமை வைத்திருப்பவரின் அனுமதி தேவைப்பட்டது. அந்த ஆண்டு நடந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், அச்சில் படிக்க முடியாதவர்களுக்காக லாப நோக்கமின்றிப் புத்தகத்தை மாற்றித் தர அனுமதி தேவையில்லை என்றது. 2013 ஜூனில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் இதே கொள்கை சர்வதேச ஒப்பந்தமாயிற்று. அதை முதன்முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா (2014). 2016 ஆகஸ்டில் 'சுகம்ய புஸ்தகாலய' என்ற இணைய நூலகம் தொடங்கப்பட்டது. நாடெங்கும் உள்ள அமைப்புகள் மாற்றிவைத்த புத்தகங்களைப் பார்வையற்ற உறுப்பினர்கள் அதில் எடுத்துப் படிக்கலாம்.

சட்டம் உரிமையைத் தந்தது. ஆனால் எதை மாற்றுவது? பதிப்பாளர் ஃபைலைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. கையில் இருப்பது காகிதப் புத்தகம். அதை ஸ்கேன் செய்து, எழுத்துணரி சாஃப்ட்வேரால் எழுத்தாக மாற்ற வேண்டும். ஆங்கிலத்துக்கு இது தீர்ந்துபோன பிரச்னை. பத்து லட்சத்துக்கும் அதிகமான தலைப்புகள் கொண்ட 'புக்‌ஷேர்' நூலகத்தில் பெரும்பகுதி ஆங்கிலப் புத்தகங்கள். தமிழுக்கு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உள்ளிட்ட இடங்களில் நல்ல வேலை நடந்திருக்கிறது. கூகுளின் எழுத்துணரியும் தமிழ் படிக்கிறது. ஆனாலும் பழுப்பேறிய தாளில் 'ர'வும் காலும் இயந்திரத்துக்கு ஒன்றாகத் தெரியும். அச்சில் மங்கிய ஒரு புள்ளி 'கல்'லைக் 'கல' என்றாக்கும். ஒரு சின்னக் கோடு விட்டுப்போனால் 'ஏரி', 'எரி' ஆகிவிடும். யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருத்த வேண்டும். திருத்துபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். பருவத் தேர்வு அவர்களுக்காகக் காத்திருக்காது.

இதில் இருக்கும் அபத்தத்தைக் கவனியுங்கள். ஒரு புத்தகம் ஃபைலாகத்தான் பிறக்கிறது. அதைத் தாளில் அச்சடிக்கிறோம். அந்தத் தாளைப் படம் பிடித்து, பல மணி நேரம் செலவழித்து, பிழைகளோடு மறுபடியும் ஃபைலாக மாற்றுகிறோம். முதல் ஃபைல் பதிப்பாளரின் கம்ப்யூட்டரில் சும்மா கிடக்கிறது.

மூல ஃபைல் சரியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் டி.வி. ராமன். புனேயில் வளர்ந்தவர். 14 வயதில் பார்வை முற்றிலும் போயிற்று. கணிதம் படித்து, பம்பாய் ஐஐடி வழியாக அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் சென்றார். 1994இல் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வின் விளைவு, கணிதக் கட்டுரைகளைக் குரலில் படிக்கும் 'ஆஸ்டர்' என்ற சாஃப்ட்வேர். பின்னத்தில் மேலே என்ன, கீழே என்ன, எது அடுக்கு, எது வர்க்கமூலம் என்பதையெல்லாம் அது குரல் வேறுபாட்டால் உணர்த்தியது. இது எப்படிச் சாத்தியமாயிற்று? கணித அறிஞர்கள் பயன்படுத்தும் 'லேடெக்' முறையில் சூத்திரம் படமாக இருப்பதில்லை. அதன் அமைப்பு எழுத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். ராமனின் மேதைமைக்குக் கருப்பொருளாக ஒழுங்கான ஃபைல் கிடைத்தது. பின்னர் அவர் கூகுளில் பணியாற்றினார்.

நம் பிளஸ் 2 மாணவர்களுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் சூத்திரத்தின் படம். அறிவியல் பிரிவு பார்வையற்றவர்களுக்கு ஒத்துவராது என்ற பழைய எண்ணத்தின் பின்னால் இருப்பது மூளையைப் பற்றிய சந்தேகம் அல்ல, புத்தகத்தின் குறை. டெல்லியைச் சேர்ந்த கார்த்திக் சாவ்னி பதினோராம் வகுப்பில் அறிவியல் எடுக்கவே வாரியத்துடன் போராட வேண்டியிருந்தது. அவர் 2013இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் அறிவியல் படிக்கச் சென்றார். எல்லாப் பிள்ளைகளும் போராட்டத்தில் வென்று படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

குரல் இருக்கும்போது பிரெயில் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தமிழாசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். கேட்டு மட்டுமே படிக்கும் மாணவர், 'அரம்' என்பதற்கு எந்த 'ர', 'பனி' என்பதற்கு எந்த 'ன' என்று எப்படித் தெரிந்துகொள்வார்? செயற்கைக் குரல் வேகமாக ஓடும்போது ல, ள, ழ மூன்றும் ஒன்றாகக் கரைந்துவிடும். எழுத்தறிவு என்பது எழுத்தைத் தொட்டோ பார்த்தோ அறிவது. இந்த இடத்தில்தான் 'பிரெயில் திரை' உதவுகிறது. ஒரு வரிசையில் மேலெழுந்தும் அமிழ்ந்தும் மாறும் ஊசிமுனைப் புள்ளிகள். வரி முடிந்ததும் அடுத்த வரி எழும். தாளில் அச்சிட்டால் பல தொகுதிகளாகும் நாவல் ஒரு சின்னக் கருவிக்குள் அடங்கிவிடும். டெல்லி ஐஐடி குழுவினர் உருவாக்கிய 'டாட்புக்' 2019இல் வெளியானது. அதே குழுவின் 'ஸ்மார்ட்கேன்' கைத்தடி முன்பே, 2014இல் வந்தது. முழங்காலுக்கு மேல் உயரத்தில் வரும் தடைகளை அதிர்வால் எச்சரிக்கும் அந்தக் கைத்தடியைத் தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். படங்களையும் வரைபடங்களையும் தொட்டு உணரும்படி மேடுபள்ளமாக அச்சிடும் முயற்சியும் டெல்லி ஐஐடியிலிருந்து வந்திருக்கிறது. திறமைக்கோ கருவிக்கோ நாட்டில் பஞ்சமில்லை.

ஆனால் பிரெயில் திரையும் அதே ஃபைலைத்தான் எதிர்பார்க்கிறது. யூனிகோடில் ஒழுங்காக அமைந்த ஒரே ஃபைல், ஒருவருக்குக் குரலாகும்; இன்னொருவருக்குப் புள்ளியாகும்; மங்கலாகப் பார்வையுள்ள மூன்றாமவருக்குப் பெரிய எழுத்தாகும். மூவருக்கும் மூன்று புத்தகங்கள் தயாரிக்க வேண்டியதில்லை. ஃபைல் கெட்டிருந்தால், நல்ல கருவியும் செமிகோலனைத்தான் படிக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, படத்தைக் காட்டினால் அதுவே படித்துவிடுகிறதே என்று சிலர் கேட்கக்கூடும். மருந்து அட்டையையும் பேருந்துப் பலகையையும் படிக்க அது நல்ல துணை. ஆனால் தெளிவில்லாத இடத்தில் அது ஊகிக்கும். சில சமயம் இல்லாத சொல்லையும் சரளமாகச் சேர்த்துவிடும். பார்வையுள்ளவர் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பார்வையற்ற மாணவர் எதோடு ஒப்பிடுவார்? பாடப்புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஊகத்துக்கு உரிய விஷயம் அல்ல.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அச்சிலும் மின்னணு ஊடகத்திலும் வருபவை அணுகத்தக்க வடிவில் கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு என்கிறது. 18 வயது வரை புத்தகங்களையும் உதவிக் கருவிகளையும் இலவசமாகத் தரச் சொல்கிறது. 2017இல் வந்த விதிகள், இணையதளங்களில் வைக்கும் ஆவணங்கள் 'இ-பப்' வடிவிலோ எழுத்துணரக்கூடிய பிடிஎஃபாகவோ இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டன. ஆனால் அந்த விதியின் தரங்கள் வெறும் ஆலோசனை போலவே இருந்தன. 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ராத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சுட்டிக்காட்டியது. கட்டாயமாக்கச் சொல்லும் சட்டத்துக்கு ஆலோசனை சொல்லும் விதி முரணானது என்று அந்த விதியை ரத்து செய்து, கட்டாயத் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தது. வழக்கு தொடுத்த ராத்தூரியும் பார்வையற்றவர்.

கட்டாயம் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். காகிதப் பிரதியோடு யூனிகோடு ஃபைலையும் சேர்த்து அனுப்பச் சொன்னால் என்ன? நூலகங்களுக்காக மொத்தமாகப் புத்தகம் வாங்கும் மாநில அரசுகள் அதையே வாங்கும் நிபந்தனையாக வைக்கலாம். பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. பதிப்பாளருக்கு ஆகும் செலவு, அட்டைப்படத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குகூட இருக்காது.

பதிப்பாளர்களின் பயமும் காரணமற்றதல்ல. புத்தகச் சந்தை முடிவதற்குள் திருட்டு பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தத் திருட்டு பிடிஎஃப்கள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படங்கள். திருடுபவருக்குப் படமே போதும். எழுத்து தேவைப்படுவது பார்வையற்றவருக்குத்தான். அவருக்கான ஃபைலை, உறுப்பினர் யார் என்று சரிபார்த்துத் தரும் நூலகத்தில் வைக்கலாம். கொடுக்க மறுப்பதால் திருடனுக்கு நஷ்டம் இல்லை, மாணவருக்குத்தான் நஷ்டம்.

அரசாணைக்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் உண்டு. கையால் எழுதிய குறிப்பைப் படம் பிடித்து வகுப்புக் குழுவில் போடும் பேராசிரியர், அதையே போனில் தமிழில் அடித்து அனுப்பலாம். பல்கலைக்கழகங்கள் ஆய்வேடுகளையும் வினாத்தாள்களையும் யூனிகோடில் மட்டுமே பெறலாம். சோதித்துப் பார்ப்பதும் எளிது. உங்களிடம் உள்ள ஏதாவது ஒரு தமிழ் ஃபைலைத் திறந்து, ஒரு வாக்கியத்தை நகலெடுத்து, இணையத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துகளாக வந்தாலோ, எதையும் நகலெடுக்கவே முடியாவிட்டாலோ, நீங்கள் தமிழ் என்று நினைத்து வைத்திருப்பது ஒரு படம். அதைப் பார்க்கத்தான் முடியும், படிக்க முடியாது.